‘மணல் சறுக்கிடுச்சு...’ கிராமத்துச் சாலையில் பைக் விழுந்தால் உண்மையான காரணம் என்ன? அடுத்து என்ன செய்யணும்?

நவம்பர் முதல் மார்ச் வரை வேடந்தாங்கல் சீசன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மந்தைவெளி, மயிலாப்பூர், அடையாறு பக்கம் இருந்து பைக்கில் கிளம்பி, பறவைகளைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குள் வீடு திரும்புபவர்கள் நிறைய பேர். சுமார் 80 கிலோமீட்டர் தூரம். படாளம் கூட்டுச்சாலை வரை ஜி.எஸ்.டி. ரோடு. அங்கே திரும்பியதும் வேறு உலகம். இரண்டு பக்கமும் வயல், நடுவில் ஒற்றைத் தார்ச்சாலை, எதிரில் வண்டியே இல்லை.

விழுவதும் பெரும்பாலும் இந்த மாதிரி இடத்தில்தான். ஒரு வளைவு, அதில் கொஞ்சம் மணல். பிரேக் பிடித்ததும் முன் சக்கரம் வழுக்கி வண்டி சாய்கிறது. முழங்காலில் சிராய்ப்பு, உள்ளங்கை எரிச்சல், ஹேண்டில்பார் கோணல், ஒரு இண்டிகேட்டர் உடைவு. பக்கத்து வயலில் இருந்து நாலு பேர் ஓடி வந்து தூக்கி உட்கார வைத்து, "எந்த ஊரு தம்பி? பார்த்து வரக்கூடாதா?" என்று கேட்டு, தண்ணீர் கொடுத்து அனுப்புவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கதை ஒரே வரியில் முடிந்துவிடும். "மணல் இருந்துச்சு, சறுக்கிடுச்சு." அம்மா திருஷ்டி சுற்றிப் போடுவார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினால் விஷயம் முடிந்தது. மெக்கானிக் ஹேண்டிலை நிமிர்த்தித் தருவார். அடுத்த ஞாயிறு அதே ஆள், அதே வேகத்தில், இன்னொரு வளைவில் இருப்பார்.

இந்த விபத்துகள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. எஃப்.ஐ.ஆர். இல்லை, ஆஸ்பத்திரிப் பதிவு இல்லை, பேப்பரில் செய்தியும் இல்லை. கணக்கில் வருபவை பெரிய விபத்துகள் மட்டும்தான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நாடு முழுவதும் 4,61,312 விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அதில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. சாலை என்றாலே சிட்டி டிராஃபிக்தான் ஆபத்து என்று சென்னைவாசிகள் நினைப்பார்கள். ஆனால் நாட்டில் நடக்கும் சாலை மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஊரகப் பகுதிகளில்தான் நடக்கிறது.

சிராய்ப்போடு முடிந்த விபத்துக்கும் இந்தப் பெரிய விபத்துகளுக்கும் பல நேரம் காரணம் ஒன்றாகவே இருக்கும். எதிரில் அந்த நேரம் ஒரு பஸ் வந்ததா, இல்லையா என்பது மட்டும்தான் வித்தியாசம். அதனால் "மணல்தான் காரணம்" என்ற பதிலோடு நிறுத்திவிடக் கூடாது.

மணல் கண்ணில் பட்டது எப்போது?

கேட்க வேண்டிய கேள்வி இது: மணல் கண்ணில் பட்ட இடத்துக்கும், பைக் நிற்கக்கூடிய இடத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருந்தது?

ஒரு சின்ன கணக்கு. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக், ஒரு வினாடியில் 16.7 மீட்டர் ஓடிவிடும். எதிர்பாராத ஒன்றைப் பார்த்து, மூளை அதைப் புரிந்துகொண்டு, கை பிரேக் லீவரை அழுத்த ஒன்றரை வினாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 25 மீட்டர் போயாச்சு, பிரேக் இன்னும் வேலையே செய்யவில்லை. நல்ல தார்ச்சாலையில், நன்றாகப் பிரேக் பிடித்தால் மேலும் 23, 24 மீட்டரில் வண்டி நிற்கும். மொத்தம் 48 மீட்டர்.

இதே பைக் 40-ல் வந்திருந்தால்? மொத்தம் 27 மீட்டரில் நின்றிருக்கும்.

40-ல் வந்த வண்டி முழுசாக நின்றுவிட்ட அதே இடத்தில், 60-ல் வந்த வண்டியின் வேகம் என்ன தெரியுமா? சுமார் 57 கிலோமீட்டர். அப்போதுதான் பிரேக்கே பிடிக்க ஆரம்பித்திருக்கும். வேகத்தில் 20 கிலோமீட்டர் வித்தியாசம் பெரிதாகத் தோன்றாது. ஆனால் ஒருவர் நின்றுவிட்டார், இன்னொருவர் கிட்டத்தட்ட முழு வேகத்தில் போய் மோதுகிறார்.

செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமச் சாலைகளில் வளைவின் உள்பக்கம் பல இடங்களில் சீமைக்கருவேல மரங்கள் அடர்ந்து நிற்கும். வளைவுக்கு அந்தப் பக்கம் 30 மீட்டருக்கு மேல் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிவது 30 மீட்டர், நிற்க வேண்டியது 48 மீட்டர் என்றால், மணல் இல்லாமல் அங்கே ஒரு மாடு நின்றிருந்தாலும் விபத்து நடந்திருக்கும். மணல் மேல் பிரேக் பிடிமானம் பாதியாகக் குறைந்தால் கணக்கு இன்னும் மோசம். அந்த மாதிரி வளைவில் 40கூட அதிகம். 30-ல் வந்தால் மணல் மேலும் சுமார் 24 மீட்டரில் நின்றுவிடலாம்.

ஆக, வண்டியை விழ வைத்தது மணல்தான் என்றாலும், அதைத் தவிர்க்க முடியாமல் செய்தது வேகம். 60 கிலோமீட்டர் என்பது சட்டப்படி தப்பான வேகமாகக்கூட இருக்காது. கண்ணுக்குத் தெரிந்த தூரத்துக்கு அது அதிகம். அவ்வளவுதான்.

10 வருஷ அனுபவம் எங்கே போனது?

"10 வருஷமா வண்டி ஓட்டறேன், எனக்குத் தெரியாதா?" என்று கேட்பவர்களின் அனுபவம் பொய்யில்லை. அது வேறு வகை அனுபவம். மெட்ரோ வேலை நடக்கும் ஆர்.கே. மடம் சாலையில் மாற்றுப்பாதைகளில் புகுந்து, பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் 20, 25 வேகத்தில் ஊர்ந்து போவது ஒரு திறமை. அங்கே கண் 10 மீட்டருக்கு முன்னால் பார்த்தாலே போதும், ஆபத்து எப்போதும் இன்னொரு வண்டிதான். அதே கண்ணோடு கிராமத்துச் சாலைக்கு வந்தால், வண்டி இல்லாத ரோடு ஆபத்து இல்லாத ரோடு போலத் தெரிகிறது. ஆக்ஸிலேட்டர் தானாகவே ஏறிவிடும்.

இன்னொன்று, லைசென்ஸ். டி.என். 06 பதிவு எண் தரும் மந்தைவெளி ஆர்.டி.ஓ. எல்லையில் லைசென்ஸ் எடுத்தவரும் சரி, தமிழ்நாட்டில் வேறு எங்கே எடுத்தவரும் சரி, காட்டிய திறமை என்ன? கால் ஊன்றாமல் எட்டு போட்டது. மெதுவான வேகத்தில் வண்டியை பேலன்ஸ் செய்யத் தெரியும் என்பதற்கு அது சாட்சி. 50 கிலோமீட்டர் வேகத்தில் திடீர்னு பிரேக் பிடித்து வண்டியை நேராக நிறுத்தத் தெரியுமா என்று பெரும்பாலானவர்களை யாரும் சோதித்ததே இல்லை.

இது நம்ம ஊர் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவின் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட், லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை அந்தந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981ல் அறிக்கை வெளியிட்டார். விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாமாகவோ, குடும்பத்தார், நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். வேறு வண்டி சம்பந்தப்படாமல் தனியாக விழுந்த விபத்துகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்குக்கு ஓட்டியவரின் தவறே காரணம். அதிகமாகப் பிரேக் பிடித்துச் சறுக்குவது, வளைவில் வேகம் கூடி வெளியே போவது, இந்த இரண்டும்தான் முக்கியம். சாலைக் குறைபாட்டின் பங்கு அங்கே 2 சதவீதம்தான். நம் சாலைகளில் அந்த 2 அப்படியே பொருந்தும் என்று யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் பிரேக் பற்றி அவர் கண்டது அப்படியே பொருந்தும்: பதற்றத்தில் பின் பிரேக்கை முழுசாக மிதிப்பது, முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்காமல் விடுவது.

"முன் பிரேக் பிடிச்சா குப்புற விழுந்துடுவ" என்று சொல்லிக் கொடுத்தே வளர்த்த ஊர் இது. பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன் சக்கரத்துக்கு மாறுகிறது. அதனால் நல்ல ரோட்டில் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். வெடுக்கென்று இழுக்காமல், அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகணும். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, வண்டி நேராக இருக்கும்போது. மணல் மேல் மட்டும் இது தலைகீழ். அங்கே சாய்ந்த நிலையில் முன் பிரேக்கைத் தொட்டால் அடுத்த நொடி தரையில்தான். வேகத்தை மணலுக்கு முன்னாலேயே குறைத்துவிட்டு, வண்டியை நிமிர்த்தி, ஹேண்டிலை இறுக்காமல், போக வேண்டிய இடத்தைப் பார்த்தபடி உருண்டு போக விடணும். ஏன் பார்வை முக்கியம்? பயத்தில் கண் எதில் ஒட்டுகிறதோ வண்டியும் அங்கேயே போகும். மைல்கல்லையே பார்த்தவர் மைல்கல்லில்தான் போய் இடிப்பார்.

125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளில் ஏ.பி.எஸ். கட்டாயமாகி ஏழெட்டு வருஷம் ஆகிறது. பல வண்டிகளில் அது முன் சக்கரத்துக்கு மட்டும்தான். சக்கரம் பூட்டிக்கொள்வதை ஏ.பி.எஸ். தடுக்கும், இல்லாத பிடிமானத்தை உண்டாக்காது.

மணல் மட்டும்தானா?

தை மாதம் சம்பா அறுவடை முடிந்ததும் பல ஊர்களில் தார்ச்சாலையே களம். ஒரு பாதியில் நெல் காயும். உளுந்துச் செடியையும் கதிரையும் சாலையில் பரப்பி, போகிற வண்டிகளின் சக்கரத்திலேயே போரடித்துக்கொள்வார்கள். பஸ்ஸுக்கு அது ஒன்றுமில்லை. பைக்குக்கு அது கோலிகுண்டு மேல் ஓடுவது மாதிரி. ஓரத்தில் நெல்லை மறிக்க வைத்த கருங்கற்கள் இருட்டில் தெரியாது. விவசாயிகளைத் திட்டி என்ன பயன்? பல ஊர்களில் உலர்களம் போதாது. நடவு நேரத்தில் டிராக்டர் கேஜ் வீலில் இருந்து விழும் சேறு மழைத் தூறலில் சோப்பு போல வழுக்கும். புது தார் போட்ட சாலையில் ஓரத்து மண்ணை உயர்த்தாமல் விட்டிருந்தால், தார் விளிம்புக்குக் கீழே அரையடிப் பள்ளம் இருக்கும். எதிரில் வரும் பஸ்ஸுக்கு வழிவிட்டு இறங்கிய வேகத்திலேயே பைக்கைத் திருப்பி மேலே ஏற்ற முயன்றால் விளிம்பு சக்கரத்தைத் தட்டிவிடும். அங்கே இறங்கியவர் வேகத்தைக் குறைத்து, கிட்டத்தட்ட நின்று, பிறகு ஏறுவதே சரி. பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கர், ஆடு, நாய், இப்போது மயிலும் சேர்ந்துகொண்டது.

விழுந்து எழுந்ததும் "ஒண்ணுமில்லைங்க" என்று சொல்வது ஏன்?

கீழே விழுந்தவர் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் "ஒண்ணுமில்ல". அவர் பொய் சொல்லவில்லை. அட்ரினலின் சுரப்பு வலியை மறைத்துவிடும். அதனால் முதல் அரை மணி நேரம் நிழலில் உட்காரணும். உடனே வண்டியை ஸ்டார்ட் செய்து கிளம்புவதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு. கழுத்து, முதுகில் வலி இருந்தாலோ, கை கால் மரத்துப் போனாலோ அவரை அசைக்காமல் 108-ஐ அழைக்கணும்.

முதலில் கவனிக்க வேண்டியது தலை. விழுந்தபோது நன்றாகப் பேசியவர் சில மணி நேரம் கழித்து மயங்குவது உண்டு. மண்டையோட்டுக்குள் மெதுவாக ரத்தம் கசிந்தால் அப்படி ஆகும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, அசாதாரணத் தூக்கம், பேச்சுக் குழறல், ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாவது, காது மூக்கில் ரத்தமோ தெளிந்த நீரோ வருவது... இதில் ஒன்று இருந்தாலும் ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போகணும். அன்று இரவு அவர் தனியாகத் தூங்கக் கூடாது.

அடுத்தது பலர் கோட்டைவிடும் இடம், மணிக்கட்டு. விழும்போது எல்லோரும் உள்ளங்கையை ஊன்றுவார்கள். கட்டைவிரலின் அடியில் ஸ்கேஃபாய்டு என்று முந்திரிக்கொட்டை வடிவில் ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. இதில் விரிசல் விட்டால் முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். "சுளுக்குதான்" என்று எண்ணெய் போட்டு நீவி விட்டு, மாதக்கணக்கில் வலியோடு திரிபவர்கள் உண்டு. அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, கவனிக்காவிட்டால் சேராமலே போய்விடும். கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் விழும் குழியை அழுத்திப் பார்த்து, வலித்தால் எலும்பு டாக்டரிடம் காட்டணும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் வலி நீடித்தால் 10 முதல் 14 நாளில் மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.

ஹேண்டில்பார் வயிற்றில் குத்தியிருந்தால், வெளியே காயமே இல்லாவிட்டாலும் வயிற்று வலியோ இடது தோள்பட்டை வலியோ வந்தால் அலட்சியம் வேண்டாம். மண்ணீரல் காயத்தின் அறிகுறியாக இருக்கலாம்.

சிராய்ப்புக்கு நிறைய சுத்தமான தண்ணீர், சோப்பு. காபிப் பொடி, மஞ்சள் தூள், கிரீஸ் எதுவும் வேண்டாம். மண்ணும் சாணமும் பட்ட காயம் என்பதால், வழியில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிட்டு, கடைசியாக எப்போது டெட்டனஸ் ஊசி போட்டது என்று சொல்லி, தேவையென்றால் அன்றைக்கே போட்டுக்கொள்வது நல்லது.

காயம் பெரிதென்றால் பணத்துக்காக யோசிக்க வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 18ல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கும் எந்த மாநிலத்தவருக்கும், காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும், பட்டியலில் உள்ள அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். உதவி செய்ய வருபவர்களையும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாக்கிறது. பெயரைக்கூட அவர்கள் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

ஹெல்மெட் நல்லாத்தானே இருக்கு?

பிரிட்டனில் 1935 மே 13ல், டார்செட் பகுதியின் ஒரு கிராமத்துச் சாலையில் ஒருவர் பைக்கில் வந்தார். சாலையில் ஒரு பள்ளமான இறக்கம், அதற்குள் சைக்கிளில் இரண்டு சிறுவர்கள். கிட்ட வந்த பிறகுதான் தெரிந்தார்கள். அவர்களைத் தவிர்க்க வண்டியை ஒடித்து விழுந்தார். பைக்கைப் பிறகு சரிசெய்ய முடிந்தது. ஹெல்மெட் இல்லாத அவர் 6 நாள் கழித்து இறந்தார். ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ என்று உலகம் அறிந்த டி.இ. லாரன்ஸ்தான் அவர். வயது 46. வேடந்தாங்கல் சாலை வளைவுக்கும் அந்த இறக்கத்துக்கும் அடிப்படையில் வித்தியாசம் இல்லை. கண்ணுக்குத் தெரிந்த தூரத்துக்குள் நிறுத்த முடியவில்லை.

அவரைப் பார்த்த டாக்டர்களில் ஒருவர் நரம்பியல் அறுவை நிபுணர் ஹியூ கெய்ர்ன்ஸ். தலைக்காயத்தால் இறக்கும் பைக் ஓட்டிகளைப் பற்றி ஆராய்ந்து 1941ல் கட்டுரை வெளியிட்டார். ஹெல்மெட் போட்டவர்கள் பிழைக்கிறார்கள் என்று காட்டினார். அந்த ஆண்டே பிரிட்டிஷ் ராணுவம் தன் பைக் தூதர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அங்கே சட்டம் வர 1973 ஆனது.

ஹெல்மெட் எப்படிக் காப்பாற்றுகிறது? வெளியே இருக்கும் ஓடு பாதி வேலைதான் செய்கிறது. உள்ளே தெர்மோகோல் மாதிரி ஒரு கெட்டியான நுரை இருக்கிறது. அடி விழும்போது அது நசுங்கி, தலைக்குப் போக வேண்டிய வேகத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். ஒருமுறை நசுங்கிய இடம் மறுபடி எழும்பாது. அதனால் விழுந்தபோது தலை தரையில் பட்ட ஹெல்மெட், வெளியே ஒரு கீறல் மட்டுமே இருந்தாலும், வேலையை முடித்துவிட்டது. அதைத் துடைத்து மாட்டிக்கொண்டு அடுத்த மாசம் கிளம்பினால், அந்த இடத்தில் இரண்டாவது அடிக்குக் காப்பு இல்லை. தம்பிக்குக் கொடுப்பதும் கூடாது. 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே சட்டவிரோதம்.

வண்டியும் இன்ஷூரன்ஸும்

திரும்பக் கிளம்பும் முன் பெட்ரோல் கசிகிறதா, ஆக்ஸிலேட்டர் விட்டதும் திரும்புகிறதா, இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா, சக்கரம் எங்கும் உரசாமல் சுழல்கிறதா, விளக்கு எரிகிறதா என்று பார்த்தால் போதும். ஹேண்டில் நேராகப் பிடித்தும் வண்டி ஒரு பக்கம் இழுத்தால் ஃபோர்க் கோணியிருக்கலாம், மெதுவாக அடுத்த மெக்கானிக் வரைக்கும்தான்.

தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்குச் சொந்த வண்டியின் சேதத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது. முழு பாலிசி இருந்தாலும், க்ளெய்ம் செய்தால் நோ க்ளெய்ம் போனஸ் போய்விடும். 20 முதல் 50 சதவீதம் வரை கிடைக்கும் சலுகை அது. இண்டிகேட்டருக்கும் லீவருக்கும் க்ளெய்ம் போடுவது லாபமா என்று கணக்குப் பார்க்கணும். கட்டாயமாக எடுக்கும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். மணிக்கட்டு உடைந்த செலவுக்கு மருத்துவக் காப்பீடு தனியாக வேண்டும்.

விபத்தில் வேறு யாருக்காவது அடிபட்டிருந்தால் அது சின்ன விபத்து இல்லை. அவரைச் சிகிச்சைக்குக் கொண்டுபோவதும், 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தகவல் சொல்வதும் 134ஆம் பிரிவின்படி கடமை.

அன்றைக்கு ராத்திரியே எழுத வேண்டியது

அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் முதல் தலைவராக இருந்த டாக்டர் வில்லியம் ஹாடன், விபத்தை விபத்துக்கு முன், விபத்தின்போது, பின் என்று மூன்று காலமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மனிதன், வண்டி, சாலை என்ன செய்தன என்று பார்க்கச் சொன்னார். பைக்கில் விழுந்தவருக்கு அரை பக்கம் போதும். ஆனால் ஞாபகம் இரண்டே நாளில் கதையாக மாறிவிடும், அதனால் அன்றைக்கே எழுதணும். என்ன வேகம்? மணலைப் பார்த்தபோது எவ்வளவு தூரத்தில் இருந்தது? கை முதலில் எந்தப் பிரேக்குக்குப் போனது? டயரில் காற்று எவ்வளவு? எத்தனை மணிக்குத் தூங்கினார், எத்தனை மணிக்கு எழுந்தார்? முன்னால் போன நண்பரைப் பிடிக்கத்தான் வேகமாகப் போனாரா? கடைசிக் கேள்விக்கு ‘ஆமா’ என்று எழுதுவது பலருக்கும் கஷ்டம். குரூப்பாகப் போகும்போது பெரும்பாலும் பதில் அதுதான்.

சாலையின் பங்கையும் விட்டுவிடக் கூடாது. அது மாநில நெடுஞ்சாலைத் துறைச் சாலையென்றால், பள்ளத்தைப் படம் பிடித்து துறையின் ‘நம்ம சாலை’ செயலியில் புகார் பதியலாம். ஊராட்சிச் சாலையென்றால் ஒன்றிய அலுவலகத்துக்கு ஒரு மனு, ஊர்ப் பெயர், பக்கத்தில் இருக்கும் கிலோமீட்டர் கல்லின் எண்ணோடு. தூக்கி உட்கார வைத்த வயல்காரரிடம் கேட்டால், அந்த வளைவில் இதுவரை எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதையும் அவர் சொல்லிவிடுவார்.